குக்கருக்கு அரிசியைத் தெரியாது

மூணு வாரத்துக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை. காரிமங்கலத்துல இருந்து சித்தப்பா மதியச் சாப்பாட்டுக்கு வந்தாரு.

இலையில சோத்தைப் போட்டேன். பிசைய ஒரு கை எடுத்தாரு. பிசையவே வேணாம், அதுவே உருண்டையாத்தான் வந்துச்சு. கையை உதறினாரு. சோறு உதிரல.

"ஏன் அண்ணி, இதைச் சாப்பிடறதா, சுவத்துல போஸ்டர் ஒட்டறதா?"

அம்மா ஒரு நொடி கூட யோசிக்கல.

"நான் ஆக்கல தம்பி. உங்கண்ணன் மகன் மெஷின்ல ஆக்குனான்."

பெத்த தாய். ஒரே வரியில என்னைச் செத்துப்போன அப்பா கணக்குல எழுதி முடிச்சிட்டாங்க. (நேர்ல அம்மாவை வா, போன்னுதான் பேசுவேன். எழுதும்போது மட்டும் மரியாதை தானா வந்து ஒட்டிக்குது. சோறு மாதிரியே.)

எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு. ஏன்னா முந்தின ஞாயித்துக்கிழமையும் நான்தான் ஆக்கினேன். அதே குக்கர், அதே தண்ணி அளவு, அதே நான். அன்னிக்கு நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் இந்த ஞாயித்துக்கிழமை மட்டும் ஏன் பசை?

அன்னிக்குப் பிடிச்ச வீம்புதான் இந்தப் பதிவு. மூணு வாரமா ஜெராக்ஸ் கடையில உக்காந்து ஆதார் கார்டு நகல் எடுத்துக்கிட்டே சோத்தைப் பத்தியே யோசிச்சிருக்கேன்.

மொதல்ல, குக்கர் ஏன் வந்துச்சுன்னு சொல்லிடறேன்.

தை மாசம் அம்மா குழாயடியில வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிஞ்சிடுச்சு. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரிச்சப்புறம் டாக்டர் சொன்ன ஒரே விஷயம், "கனமான பாத்திரம் தூக்காதீங்கம்மா."

அவருக்கு அது சாதாரண வார்த்தை. எங்க அம்மாவுக்கு அது பதவி நீக்கம். கொதிக்கிற சோத்துப் பானையை ரெண்டு துணியால பிடிச்சு, வடிதட்டைப் போட்டு, ஒரே சாய்ப்புல கஞ்சி வடிக்கிறதுதான் அம்மாவோட வித்தை. நாப்பது வருஷம் ஒரு பருக்கை வெளிய விழுந்ததில்ல. அந்தச் சாய்ப்புக்கு வேணும் ஒரு நல்ல மணிக்கட்டு.

பிரஷர் குக்கர் வாங்கலாமேன்னு கேப்பீங்க. இருக்கு. டிடிகே பிரஸ்டீஜ் தொழிற்சாலை இருக்கிறதே எங்க ஊர் ரயில் போற ஓசூர்லதான், நாங்க அதை வாங்காம இருப்போமா? ஆனா மூடியைத் திருகிப் பூட்டவும் கழட்டவும் மறுபடி அதே மணிக்கட்டுதான். அதனால ரைஸ் குக்கர். மூடியைத் தூக்கி வச்சா போதும், நெம்புகோலைத் தட்டினா போதும்.

இன்னொரு விஷயத்தையும் ஒத்துக்கணும். சோறு எங்க ஊருக்குப் பரம்பரைச் சொத்து இல்லைங்க.

மாரண்டஹள்ளி எங்க இருக்குன்னு தெரியாதவங்களுக்கு: தருமபுரி மாவட்டம், பாலக்கோட்டுக்கும் ராயக்கோட்டைக்கும் நடுவுல. பேர்லயே 'ஹள்ளி' இருக்கு, அது கன்னடத்துல கிராமம். தெருவுல நாலு வீடு தாண்டினா தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் காதுல விழும். மூணு பாஷைக்கும் பொதுவா ஒரு சாப்பாடு இருந்துச்சுன்னா அது கேழ்வரகுக் களிதான். எங்க ஆயா (அப்பாவோட அம்மா) காலத்துல நெல்லுச் சோறுன்னா பண்டிகை, இல்ல விருந்தாளி, இல்ல காய்ச்சல்ல கெடந்து எழுந்த உடம்பு. மத்த நாளெல்லாம் களி, கொள்ளுச்சாறு, கீரைக் கடைசல்.

அப்புறம் ரேஷன் அரிசி வந்துச்சு. 2008 செப்டம்பர்ல கிலோ 1 ரூபாய் ஆச்சு. 2011 ஜூன்ல இருந்து இலவசம். களிப்பானை மெல்ல மெல்லப் பரணுக்குப் போச்சு. ஆயா கை களியைக் கிண்டும்போது கண்ணை மூடிக்கிட்டே பதம் சொல்லும். சோத்துக்கு அந்தக் கை எங்க பரம்பரையில அம்மாவுக்குத்தான் மொதல்ல வந்துச்சு. எனக்கு இன்னும் வரல. அதான் மெஷின்.

குக்கர் வாங்கின கதை தனி.

கடைக்காரத் தம்பி கேட்டாரு, "எத்தனை பேருண்ணா?"

"அஞ்சு."

"அப்ப 1 லிட்டர் கரெக்டா இருக்கும்ணா."

நம்பினேன். வீட்டுக்கு வந்து மூணு கப் அரிசி போட்டேன். பத்தாவது நிமிஷம் மூடி நடனமாடுது, கஞ்சி மேடை முழுக்க ஓடுது, கீழ வச்சிருந்த கறிவேப்பிலைக் கொத்து மிதக்குது. அம்மா நாற்காலியில உக்காந்தபடியே, "வடிச்சே விட்டுட்டியா? நல்லது" அப்படின்னாங்க.

அப்புறம்தான் புரிஞ்சது. டப்பா மேல போட்டிருக்கிற லிட்டர் எல்லாம் ஒரே லிட்டர் இல்ல. சில கம்பெனி, போடுற அரிசி அளவை லிட்டர்ல சொல்லுது. சில கம்பெனி, பாத்திரம் விளிம்பு வரைக்கும் எவ்வளவு பிடிக்குமோ அதைச் சொல்லுது. ரெண்டுக்கும் நடுவுல பாதி அரிசி வித்தியாசம் வரும். அதனால லிட்டரைக் கேக்காதீங்க. "எத்தனை கிராம் அரிசி போடலாம்?" அதைக் கேளுங்க. டப்பாவுல எங்கயாவது சின்ன எழுத்துல போட்டிருக்கும். எங்களை மாதிரி புழுங்கலரிசி ஆளுங்க அதுலயும் கொஞ்சம் குறைச்சே வச்சுக்கணும், ஏன்னா இதுக்குத் தண்ணியும் ஜாஸ்தி, உப்பலும் ஜாஸ்தி.

(கடையில பெருசா மாத்திக் கொடுத்தாங்க. கூட 600 ரூபாய் வாங்கிக்கிட்டு.)

சரி, பசைக்கு வருவோம். யாரு குத்தவாளி? ஒவ்வொருத்தரா நிறுத்தி விசாரிச்சேன்.

மொதல் சந்தேகம் குக்கர் மேலதான்.

இது எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்காம திட்டக்கூடாதுன்னு பழைய குக்கர் ஒண்ணை (நம்ம 1 லிட்டர் இல்ல, அக்கா வீட்டுப் பழசு) கவுத்துப் பார்த்தேன். அடியில நடுவுல ஒரு பித்தான் மாதிரி இருக்கும், ஸ்பிரிங் வச்சு. அதுக்குள்ள ஒரு காந்தம். நாம தட்டும்போது அது ஒட்டிக்கும், தகடு சூடாகும். பாத்திரத்துல தண்ணி இருக்கிற வரைக்கும் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, ஏன்னா தண்ணி அதுக்கு மேல போகாம ஆவியாயிடும். தண்ணியை எல்லாம் அரிசி குடிச்சு முடிச்சதும் அடித்தகடு சூடு சட்டுன்னு ஏறும். 100-ஐக் கொஞ்சம் தாண்டினதும் அந்தப் பித்தானோட காந்தப் பிடிப்பு போயிடும். ஸ்பிரிங் தள்ளும்.

'டக்.'

அவ்வளவுதான். உள்ள மூளையும் கிடையாது, கடிகாரமும் கிடையாது. தண்ணி தீர்ந்துச்சா இல்லையா, அது ஒண்ணுதான் அதுக்குத் தெரியும். சோறு வெந்துச்சா, குழைஞ்சுச்சா, இது பொன்னியா ரேஷனா, எதுவும் தெரியாது.

இதை நான் சும்மா நம்பலை, சோதிச்சே பார்த்தேன். ஒரு ராத்திரி குக்கர்ல களி கிண்டலாம்னு இறங்கினேன். தண்ணி கொதிச்சுது. மாவைக் கொட்டினேன். கிண்டுறதுக்கு முன்னாடியே 'டக்'. மறுபடி தட்டினேன். 'டக்'. மறுபடி. 'டக்'. அடியில மாவு கெட்டியா உக்காந்துச்சுன்னா அந்த இடத்துல தண்ணி இல்ல, சூடு ஏறிடுது, குக்கர் "சோறு ஆயிடுச்சு அண்ணா, சாப்பிடுங்க" அப்படிங்குது. மேல பச்சை மாவு பல்லைக் காட்டுது.

அம்மா சிரிச்ச சிரிப்புல மணிக்கட்டு வலியே மறந்திருக்கும்.

இந்த 'டக்'குக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு, சொல்லாம விட மனசில்ல. ஜப்பான்ல தோஷிபா கம்பெனி 1955 டிசம்பர்ல தானா அணையற மின்சாரக் குக்கரை விக்க ஆரம்பிச்சுது. அதை உருவாக்கினது மினாமி யோஷிதாதாங்கிற ஒரு சின்னப் பட்டறைக்காரர். ஆனா நாள் கணக்குப் பாக்காம அரிசியைப் போட்டுப் போட்டு, சூடு பார்த்து, நேரம் பார்த்துக் குறிச்சு வச்சது அவர் மனைவி ஃபுமிகோ. அந்த மொதல் குக்கர்ல ரெண்டு பாத்திரம், ஒண்ணுக்குள்ள ஒண்ணு. நடுவுல ஒரு கப் தண்ணி ஊத்தணும். அது ஆவியாகித் தீர ஏறக்குறைய 20 நிமிஷம். தீர்ந்ததும் சூடு ஏறி, சுவிட்ச் தானா விழும். அன்னிக்கும் கேட்டது அதே ஒரு கேள்விதான்: தண்ணி தீர்ந்துச்சா?

அதாவது, மெஷின் வர்றதுக்கு முன்னாடியும் ஒரு அம்மாதான் அடுப்பு முன்னாடி நின்னு பதம் பார்த்திருக்காங்க. இதை எங்க அம்மாகிட்ட சொன்னேன். "பாவம், அவளுக்கும் ஒரு மவன் இருந்திருப்பான்" அப்படின்னாங்க.

குக்கர் நிரபராதி. விட்டாச்சு.

ரெண்டாவது சந்தேகம், கப்.

குக்கரோட ஒரு பிளாஸ்டிக் கப் தருவாங்கல்ல? அது 180 மில்லி. அது நம்ம ஆழாக்கும் இல்ல, டம்ளரும் இல்ல. ஜப்பான்காரங்களோட பழைய அரிசி அளவு, 'கோ'ன்னு பேரு. உள்பாத்திரத்துல 1, 2, 3-ன்னு கோடு இருக்கு பாருங்க, அது இந்தக் கப்புக்குத்தான் கணக்கு. எங்க வீட்டு கப்பை என் பொண்ணு பொம்மைக்குத் தொட்டியாக்கிக் குளிப்பாட்டிக்கிட்டு இருந்தா. நான் டம்ளர்ல அரிசி அளந்துட்டுக் கோட்டைப் பார்த்துத் தண்ணி ஊத்தியிருக்கேன் பல நாள். அப்படிச் செஞ்சா அரிசி ஒரு கணக்கு, தண்ணி ஒரு கணக்கு.

அதோட அந்தக் கோடெல்லாம் பெரும்பாலும் பச்சரிசிக் கணக்கு. புழுங்கலரிசிக்கு அது பத்தாது, நடுவுல அரிசி நிக்கும்.

கோட்டை மறந்துடுங்க. எந்தப் பாத்திரத்தால அரிசி அளக்கிறீங்களோ அதே பாத்திரத்தால தண்ணியும் அளங்க. டம்ளரோ, தேங்காத் தொட்டியோ, பரவாயில்ல.

ஆனா பசை ஞாயித்துக்கிழமை நான் கப்பால்தான் அளந்தேன். ரெண்டுக்குமே. அப்ப கப்பும் நிரபராதி.

மூணாவது சந்தேகம் மாமாவோடது.

சென்னையில இருக்கிற மாமா போன்ல சொன்னாரு, "நீங்க மேட்டுல இருக்கீங்க மாப்ள. மேட்டுல தண்ணி சீக்கிரம் கொதிச்சிடும். அதான்."

பேச்சு தப்பில்ல. ஏறக்குறைய 300 மீட்டர் ஏறினா தண்ணி கொதிக்கிற சூடு 1 டிகிரி குறையும். ஓசூர் சுமார் 900 மீட்டர், அங்க 97 டிகிரியிலயே கொதிச்சிடும். நாங்க அதுக்கும் கீழ. ஆனா சூடு குறைஞ்சா சோறு வேகாம நிக்கணுமே தவிர குழையாது. தவிர, ஒரே வாரத்துல மாரண்டஹள்ளி எங்க ஏறிப் போச்சு? மாமாவுக்கு நன்றி சொல்லி வச்சிட்டேன்.

நாலாவது, தண்ணி. இங்கதான் கதை சூடு பிடிச்சுது.

எங்க வீட்ல மூணு தண்ணி. போர் தண்ணி, ஒகேனக்கல் குழாய்த் தண்ணி, காசு கொடுத்து வாங்குற கேன் தண்ணி. ஒரே அரிசியை மூணு நாள் மூணு தண்ணியில ஆக்கினேன்.

போர் தண்ணியில சோறு லேசா மஞ்சள் தட்டுச்சு. மஞ்சத்தூள் டப்பாவுல கை வச்சிட்டு அரிசி களைஞ்ச மாதிரி. மத்த ரெண்டுலயும் வெள்ளை. காரணம் கேட்டா சாதாரணம்தான்: எங்க போர் தண்ணி உப்பும் காரமும் உள்ள தண்ணி. அரிசியில இருக்கிற சில பொருளுங்க காரத் தண்ணியில மஞ்சளாகும், புளிப்பு பட்டா வெளுக்கும். அதான் சில பேர் சோத்துல ரெண்டு சொட்டு எலுமிச்சை விடறாங்க. நானும் விட்டுப் பார்த்தேன், வெளுத்துச்சு. இதே தண்ணியிலதான் எங்க துவரம்பருப்பும் வேகாம அழிச்சாட்டியம் பண்ணும். அது கடினத் தண்ணியோட வேலை.

ஆனா எலுமிச்சை தீர்க்காத ஒண்ணு இருக்கு. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடித் தண்ணியில ஃபுளோரைடு ஜாஸ்தி. எங்க பெரியவங்க பல்லைப் பாருங்க, பழுப்புக் கோடு இருக்கும். சில பேருக்கு எலும்பு வரைக்கும் போயிருக்கு. அதுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்துச்சு, 2013-ல இருந்து காவிரித் தண்ணி ரெண்டு மாவட்டத்துக்கும் வருது. நிறைய பேர் குடிக்க மட்டும் அந்தத் தண்ணியைப் பிடிச்சு வச்சிட்டு, சமைக்க போர் தண்ணியை ஊத்துறாங்க. கொதிக்க வச்சா எல்லாம் போயிடும்னு நினைப்பு. ஃபுளோரைடு கொதிச்சா போகாதுங்க. தண்ணிதான் ஆவியாப் போகும், அது அங்கயேதான் நிக்கும். குக்கர்ல வடிக்கிறதும் இல்ல, ஊத்தின தண்ணி அத்தனையும் சோத்துக்குள்ளதான். அதனால எங்க மாவட்டத்துக்காரங்க யாராவது இதைப் படிச்சா: குடிக்கிற தண்ணியிலயே சோறும் ஆக்குங்க. இது ருசி சமாச்சாரம் இல்ல.

(அந்தத் திட்டத்துக்குக் கடன் கொடுத்தது ஜப்பான். தானா அணையற குக்கர் ஜப்பான், அளக்கிற கப்பு ஜப்பான், தண்ணிக்குக் கடனும் ஜப்பான். அரிசி ஒண்ணுதான் நம்மளது. அதையும் நான் கெடுத்துட்டேன்.)

ஆனா மஞ்சள் வேற, பசை வேற. பசை ஞாயித்துக்கிழமை நான் ஊத்தினது ஒகேனக்கல் தண்ணி. தண்ணியும் நிரபராதி.

மிச்சம் இருக்கிறது ஒரே ஆளு.

அம்மாதான் கண்டுபிடிச்சாங்க. நான் இத்தனை ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருந்தப்போ ஒரு நாள் சும்மா அரிசி டிரம்முல கையை விட்டு நாலு அரிசி எடுத்தாங்க. மோந்து பார்த்தாங்க. முன்பல்லால கடிச்சாங்க.

"புது அரிசிடா இது."

"என்னம்மா?"

"சித்தப்பா வந்த வாரந்தான மூட்டை மாத்துன? பழசு தீர்ந்துச்சுன்னு? அறுத்து நாளாகாத நெல்லு. பல்லுல மாவா நெரியுது பாரு. இதுக்கு எவன்டா பழைய அரிசித் தண்ணி ஊத்துவான்?"

மூணு வாரம். மூணு தண்ணி. ஜப்பான் வரைக்கும் போயிட்டு வந்தேன். அம்மாவுக்கு ஆனது ஒரு கடி.

மண்டியில போய்க் கேட்டா, "ஆமாண்ணா, இப்ப வர்றது புதுசுதான். பழசு கிலோவுக்கு எட்டு ரூபா கூட" அப்படிங்கிறாரு. இதை வாங்கும்போது சொல்லியிருக்கலாமே சாமி.

விஷயம் இதுதான். நெல்லு அறுத்து ஆறு மாசம், ஒரு வருஷம் கெடந்துச்சுன்னா அரிசி இறுகும். பழைய அரிசி தண்ணியை நல்லா குடிக்கும், நீளமா உப்பும், ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. புது அரிசிக்குத் தண்ணி கம்மி போதும். ஜாஸ்தி ஊத்தினா மாவெல்லாம் தண்ணியில கரைஞ்சு கூழாயிடும். வடிக்கிற பானையில இது பெருசா தெரியாது, கரைஞ்ச மாவு கஞ்சியோட வெளிய போயிடும். அம்மா நாப்பது வருஷமா புதுசோ பழசோ ஒரே மாதிரி ஆக்கினதுக்கு அந்த வடிதட்டு ஒரு காரணம். குக்கர்ல அதுக்கு வழி இல்ல. ஊத்தினது எல்லாம் உள்ளதான். தண்ணி தீர்ற வரைக்கும் அது கொதிக்க வச்சுக்கிட்டே இருக்கும், சோறு கூழானாலும் சரி.

மூட்டை மேல பேரு போட்டிருக்கேன்னு நம்பாதீங்க. எல்லா மூட்டையும் பொன்னிதான். வெள்ளைப் பொன்னிங்கிறது கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் 1986-ல வெளியிட்ட ரகம், அதோட பூர்வீகம் மலேசியாப் பக்கத்து மசூரி. ஆந்திராப் பொன்னின்னு விக்கிறது பிபிடி 5204, அது பாபட்லாவுல இருந்து வந்தது. அதுக்கும் மசூரி ஒரு பாட்டன், இன்னொரு பாட்டன் நம்ம கோயம்புத்தூரு ஜிஇபி 24. கர்நாடகாப் பொன்னின்னு ஒண்ணும் மண்டியில இருக்கு. காவிரிக்குத்தான் பொன்னின்னு பேரு. தண்ணிக்கு மல்லுக்கட்டினாலும் பேரை ரெண்டு பக்கமும் விட்டுக்கொடுக்கல.

பேரைவிட ரெண்டு கேள்வி முக்கியம். புழுங்கலா பச்சையா? புதுசா பழசா?

புழுங்கலரிசின்னா நெல்லாவே ஊற வச்சு, அவிச்சு, காய வச்சு அப்புறம் அரைச்சது. ஒரு தடவை வெந்துட்டுத்தான் நம்ம வீட்டுக்கே வருது. அவிக்கும்போது தவிட்டுல இருக்கிற பி வைட்டமின் கொஞ்சம் உள்ள இறங்கும். மணியும் இறுகும். அதான் வேக நேரம் ஆகுது, ஆனா அவ்வளவு சீக்கிரம் குழையாது.

ரேஷன் அரிசி பத்தியும் ஒரு வார்த்தை. எங்களுக்கு வந்ததுல நூறு அரிசிக்கு ஒண்ணுங்கிற கணக்குல செறிவூட்டின அரிசி கலந்திருந்துச்சு. அரிசி மாவுல இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து, மறுபடி அரிசி மாதிரியே அச்சுல வார்த்தது. களையும்போது சிலது மிதக்கும். எங்க தெருவுல பாதிப் பேர் "பிளாஸ்டிக் அரிசி"ன்னு பொறுக்கி வெளிய போடறாங்க. எங்க அம்மாவும்தான். விளக்கிச் சொன்னேன். "சரி, சத்துதான்" அப்படின்னு தலையாட்டினாங்க. மறுநாள் பார்த்தா முறத்துல தனியாப் பொறுக்கி வச்சிருக்காங்க. எதுக்கும்மான்னா, "கோழிக்குச் சத்து வேணாமா?"

இப்ப எங்க வீட்ல ஓடுற கணக்கு இது. உங்க அரிசிக்கு இதை அப்படியே எடுத்துக்காதீங்க, இங்க இருந்து ஆரம்பிங்க.

பழைய பொன்னிப் புழுங்கல்: அரை மணி நேரம் ஊறல், ஒரு கப்புக்கு மூணு கப் தண்ணி.

அதுவே புது அரிசின்னா: ஊற வைக்க வேணாம், ரெண்டே கால்ல இருந்து ரெண்டரை.

பச்சரிசி: ரெண்டு. பொங்கலுக்குன்னா தாராளமா, குழையத்தான வேணும்.

ரேஷன் புழுங்கல்: நாலு தண்ணி விட்டுக் களையணும், முக்கால் மணி ஊறல், மூணு கப்.

'டக்'னு விழுந்ததும் தொறக்காதீங்க. பத்து நிமிஷம். மேல சொதசொதன்னும் அடியில காய்ஞ்சும் இருக்கிறது அந்தப் பத்து நிமிஷத்துலதான் சமமாகும். அப்புறம் தொறந்து, கரண்டிக் காம்பால மெதுவா கிளறி விட்டுட்டு மூடுங்க. சூடா வைக்கிற விளக்கு எரியுதேன்னு ராத்திரி வரைக்கும் விட்டுடாதீங்க, அடி காந்தும். சுவிட்சை அணைச்சிட்டு மூடியே வச்சாலும் தப்பு, வெயில் காலத்துல சாயங்காலத்துக்குள்ள நாறிடும்.

புது அரிசி மூட்டை இன்னும் முக்கால்வாசி இருக்கே, அதை என்ன பண்றது? இங்கதான் அம்மா மறுபடி பதவிக்கு வந்தாங்க.

தண்ணியைத் தாராளமா ஊத்தச் சொன்னாங்க. கொதி வந்து பாதி வெந்ததும் மூடியைத் தொறந்து, ஒரு குழிக்கரண்டியால மேல நிக்கிற கஞ்சியை மொண்டு மொண்டு சொம்புல ஊத்தினாங்க. அரிசி மட்டத்துக்கு மேல ஒரு விரல் தண்ணி நிக்கிற வரைக்கும். மூடினாங்க. கொஞ்ச நேரத்துல 'டக்'. பானையைச் சாய்க்கவே இல்ல, மணிக்கட்டும் திரும்பல. சோறு உதிரி. சொம்புல உப்புப் போட்ட கஞ்சி எனக்கு.

குக்கரை வாங்கினது நான். அதுல வடிக்கக் கத்துக்கிட்டது அம்மா.

இனி வாங்கப் போறவங்களுக்கு, சுருக்கமா.

திரை, 12 விதச் சமையல்னு இருக்கிறது வேணாம். எங்க ஊர் கரண்டு நடுவுல போகும், வரும். நெம்புகோல் குக்கர்ல காந்தம் பிடிச்சபடியே இருக்கும், கரண்டு வந்ததும் விட்ட இடத்துல இருந்து ஓடும். திரை வச்சதுல பல மாடல் எல்லாத்தையும் மறந்துட்டுப் பேந்தப் பேந்த முழிக்கும்.

ரெண்டு உள்பாத்திரம் தர்ற மாடல் பாருங்க. ஒண்ணு ராத்திரி ஊறும்போது ஒண்ணு கையில இருக்கும். ஒட்டாத பூச்சு வேணாம்னா அலுமினியம் இல்ல எவர்சில்வர். பூச்சு இருந்தா மரக்கரண்டி மட்டும்.

வயர் தனியா கழட்ற மாதிரி இருக்கணும், வயர்தான் மொதல்ல போகும். மூணு முள் பிளக், ஐஎஸ்ஐ முத்திரை. சர்வீஸ் தருமபுரியிலயாவது இருக்கான்னு கேளுங்க. பெங்களூருக்கு அனுப்பணும்னா வாங்காதீங்க.

கரண்டு பில்லுக்குப் பயப்படாதீங்க. 700 வாட் குக்கர் 35 நிமிஷம் ஓடினா 0.4 யூனிட். தினம் ஒரு வேளைன்னா ரெண்டு மாசத்துக்கு 24 யூனிட் சொச்சம். ரெண்டு மாசத்துக்கு இவ்வளவு யூனிட்னு இலவசம் இருக்கவே இருக்கு. (2011-ல மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தாங்க. குக்கரை ஏன் விட்டாங்கன்னு தெரியல. அம்மா வடிச்ச சோறு போதும்னு நினைச்சிருப்பாங்க.)

நேத்து சித்தப்பா மறுபடி வந்தாரு. அதே புது அரிசி, அதே மெஷின். சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை போட்டுக்கிட்டாரு. ஒண்ணும் பேசல. கை கழுவும்போது மட்டும், "வடிச்சீங்களா அண்ணி?" அப்படின்னாரு.

"ஆமா தம்பி" அப்படின்னாங்க அம்மா. என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல.

உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். மூட்டை மாத்தினா மொதல்ல ஒரு கப் மட்டும் ஆக்கிப் பாருங்க. விருந்தாளி வர்ற அன்னிக்குப் புது மூட்டையைப் பிரிக்காதீங்க.